பாதுகாப்பு அறிக்கைக்குச் சொந்த டெம்ப்ளேட் போடும்போது எங்கெல்லாம் பிசகுகிறது

கணினிகளிலும் நெட்வொர்க்கிலும் உள்ள பாதுகாப்புக் குறைகளைத் தேடும் எந்த ஸ்கேனர் மென்பொருளை எடுத்தாலும், அது தானாகத் தரும் அறிக்கையை கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கோ குன்னூரில் ஒரு விடுதிக்கோ அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. பக்கம் பக்கமாக ஐ.பி. முகவரியும் போர்ட் எண்ணும்தான் இருக்கும். அதைக் கையில் வாங்கும் கணக்காளர் கேட்பது வேறு: "சார், இதுல எதை முதல்ல சரி பண்ணணும், அதுக்கு யாரைக் கூப்பிடணும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சொந்தமாக டெம்ப்ளேட்டும் (அறிக்கையின் மாதிரி வடிவம்) ஃபீல்டும் (அதில் விவரம் நிரப்பும் இடம்) அமைக்கிறோம். பிசகுவதும் அங்கேதான்.

பலரும் அட்டைப் பக்கம், லோகோ, வண்ணம் என்று ஆரம்பித்து, அப்புறம் தோன்றுகிற ஃபீல்டையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரு ஃபீல்டைச் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை யார் நிரப்புவார்? நிரப்பியதைப் பார்த்து யார் என்ன முடிவெடுப்பார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த ஃபீல்டு வேண்டாம். பதினைந்து ஃபீல்டைக் கட்டாயமாக்கி வைத்தால் அவசரத்தில் நிரப்புகிறவர் புள்ளியோ கோடோ போட்டுத் தள்ளிவிட்டுப் போவார். அது காலியாக விடுவதைவிட மோசம், ஏனென்றால் நிரப்பியாகிவிட்டது என்றுதான் மென்பொருள் எண்ணிக்கொள்ளும். "தெரியவில்லை", "பொருந்தாது" இரண்டையும் தனித்தனித் தேர்வாகவே கொடுத்துவிடுங்கள்.

தீவிரம் என்ற ஃபீல்டில்தான் சிக்கல் அதிகம். அதைக் கையால் தட்டச்சு செய்ய விட்டால் ஒருவர் "உயர்" என்பார், இன்னொருவர் "அதிகம்" என்பார், மூன்றாமவர் "ஹை" என்று போடுவார், வடிகட்டும்போது மூன்றும் மூன்று வகையாக நிற்கும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி வையுங்கள். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு வரிசை எண்ணும் இருக்கட்டும், இல்லாவிட்டால் மென்பொருள் அகரவரிசைப்படி அடுக்கி, சாதாரணக் குறையை ஆபத்தானதற்கு மேலே கொண்டுவந்து வைத்துவிடும். சி.வி.எஸ்.எஸ். மதிப்பெண்ணைப் (ஒரு குறை எவ்வளவு ஆபத்தானது என்று 0 முதல் 10 வரை சொல்லும் பொது அளவுகோல்) போடும்போது அது எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 3.1 பதிப்பு 2019-லும் 4.0 பதிப்பு 2023-லும் வந்தன, இரண்டும் இன்று புழக்கத்தில் இருக்கின்றன, ஒரே குறைக்கு இரண்டும் வேறு வேறு எண் தரலாம். பழைய 2-ஆம் பதிப்பை வைத்துப் பார்த்தால் 9.0-க்கு மேலும் "உயர்" என்பதோடு நின்றுவிடும், "மிக ஆபத்து" என்ற நிலை 3-ஆம் பதிப்பில்தான் வந்தது. பதிப்பு இல்லாத வெறும் எண்ணை வைத்துக்கொண்டு போன வருட அறிக்கையோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று, அந்த அடிப்படை மதிப்பெண்ணுக்கு உங்கள் இடம் தெரியாது. விவசாயிகளின் பச்சைத் தேயிலை எடையைப் பதியும் கணினியில் இருக்கும் 6.5-ம், மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியில் இருக்கும் 6.5-ம் தொழிற்சாலைக்கு ஒன்றல்ல. அதற்காக மதிப்பெண்ணைத் திருத்தக் கூடாது. அது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் "இங்கே எவ்வளவு அவசரம்" என்று தனி ஃபீல்டு போடுங்கள், ஏன் என்று ஒரு வரிக் காரணமும் கேளுங்கள். அறிக்கையில் உண்மையிலேயே படிக்கப்படுவது அந்த ஒரு வரிதான்.

சி.வி.இ. எண் (வெளியே தெரிந்த ஒவ்வொரு குறைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) ஃபீல்டுக்குக் கடைசியில் நான்கு இலக்கம் என்று கட்டுப்பாடு வைத்த பழைய டெம்ப்ளேட்டுகள் இன்னும் சுற்றுகின்றன. அந்த வரம்பு 2014-லேயே போய்விட்டது. லாக்4ஜே என்ற மென்பொருளில் இருந்த லாக்4ஷெல் குறையின் எண்ணே சி.வி.இ.-2021-44228, அதில் ஐந்து இலக்கம். கருவியை ஐ.பி. முகவரியால் மட்டும் அடையாளம் காட்டுவதும் அதே மாதிரித் தவறு. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு ரௌட்டர் எல்லாவற்றுக்கும் வேறு முகவரி கொடுத்திருந்தால், வரவேற்பறைக் கணினியின் குறை சமையலறை பிரிண்டரின் தலையில் போய் உட்காரும். கருவியின் மேல் ஒட்டிய எண்ணோ மேக் முகவரியோ (அதன் நெட்வொர்க் கார்டுக்கு உரிய எண்) கூடவே வேண்டும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல மென்பொருள்கள் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கின்றன, அது நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். நம் நேரப்படி 6-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு நடந்தது அங்கே 5-ஆம் தேதி இரவு 8:30 என்று பதிவாகும். டெம்ப்ளேட்டில் நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சம்பவம் ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிடும். சைபர் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. ஐந்தரை மணி நேரக் குழப்பம் வந்தால் அந்த அவகாசத்தில் மிச்சம் என்ன இருக்கும்? நடந்த நேரம், கவனத்துக்கு வந்த நேரம், ஸ்கேன் எடுத்த நேரம், மூன்றையும் தனித்தனி ஃபீல்டாக வைத்து, ஒவ்வொன்றிலும் மண்டலத்தையும் அச்சிடுங்கள். தேதியை 2025-08-05 என்ற வடிவில் போடுங்கள். 05/08/2025 என்று போட்டால் ஒரு கணினி ஆகஸ்ட் என்று படிக்கும், இன்னொன்று மே என்று படிக்கும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வருகிற கூடலூர் போன்ற இடங்களில் கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். கருவியின் கடிகாரமே தப்பாக ஓடிக்கொண்டிருக்கலாம். "கருவியின் கடிகாரம் சரிபார்க்கப்பட்டதா" என்ற ஃபீல்டை நான் எந்த டெம்ப்ளேட்டிலிருந்தும் எடுக்க விடமாட்டேன்.

அறிக்கையை சி.எஸ்.வி. கோப்பாக (எக்செல்லில் திறக்கக்கூடிய வெறும் எழுத்து அட்டவணை) ஏற்றுமதி செய்கிறீர்களா? அப்படியென்றால் =, +, -, @ ஆகியவற்றில் தொடங்கும் கட்டங்களைப் பாருங்கள், எக்செல் அதை ஃபார்முலாவாக எடுத்துக்கொள்ளும். விடுதியின் வைஃபை லாகின் பக்கத்தில் விருந்தினர் பெயர் கேட்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். அது பதிவேட்டிலிருந்து உங்கள் அறிக்கைக்குள் வந்து, மேலாளர் திறக்கும்போது அவர் கணினியில் வேலையைக் காட்டினால், பாதுகாப்பு அறிக்கையே தாக்குதலுக்கு வழி திறந்துவிட்ட கதையாகிவிடும். அப்படிப்பட்ட கட்டத்துக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறியைச் சேர்க்கும் வேலையை ஏற்றுமதியிலேயே வைத்துவிடுங்கள். எக்செல் ஒரு கட்டத்தில் 32,767 எழுத்துகளுக்கு மேல் வைக்காது, அதனால் குறைக்கு ஆதாரமாக வைக்கும் நீளமான சான்றுகளைத் தனிக் கோப்பாகக் கொடுங்கள்.

தமிழில் அறிக்கை கொடுப்பவர்களுக்கு இன்னும் சில தொல்லைகள் உண்டு. பி.ஓ.எம். (கோப்பின் எழுத்துமுறையைச் சொல்லும் தொடக்கக் குறி) இல்லாத யு.டி.எஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறை) சி.எஸ்.வி. கோப்பை இருமுறை கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால் தமிழ் முழுவதும் கிறுக்கலாகத் தெரிய வாய்ப்பு அதிகம். சில பி.டி.எஃப். உருவாக்கிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துப் பாருங்கள், அப்படியும் உடைந்தால் வேர்டில் உருவாக்கி அங்கிருந்து பி.டி.எஃப். ஆக்குங்கள். அலுவலகத்தில் இன்னும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர் இருந்தால் அவர் தரும் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் ஃபீல்டில் ஒட்டாதீர்கள். பிரவுசரில் திறக்கும் எச்.டி.எம்.எல். அறிக்கை என்றால் எழுத்துரு, லோகோ எதையும் இணையத்திலிருந்து இழுக்க வைக்காதீர்கள். மரம் விழுந்து கேபிள் அறுந்த நாளில்தான் அந்த அறிக்கையைத் திறக்க வேண்டியிருக்கும்.

வேர்டு டெம்ப்ளேட்டில், சான்றுக்குள் வரும் & அல்லது < குறியை மென்பொருள் சரியாகக் கையாளாவிட்டால் கோப்பே திறக்காது. ஃபீல்டின் உள்பெயரை (மென்பொருள் தனக்குள் வைத்திருக்கும் பெயர்) மாற்றினால் டெம்ப்ளேட்டில் அந்த இடம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காலியாகிவிடும். வெளியே தெரியும் பெயரை மட்டும் மாற்றுங்கள், உள்பெயரைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது பழைய வாடிக்கையாளரின் அறிக்கையையே நகலெடுத்து டெம்ப்ளேட் ஆக்குவதில்தான். பெயரை மாற்றினாலும் அடிக்குறிப்பிலும் கோப்பின் பண்புகளிலும் கருத்துரைகளிலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே தொழிற்சாலைகள் ஒரே சிறு விவசாயிகளிடம் இலை வாங்கப் போட்டி போடுகின்றன, சரக்கும் குன்னூர் ஏலத்துக்குத்தான் போகிறது. ஒருவரின் ஓட்டை இன்னொருவர் கைக்குப் போனால் அதற்கு மன்னிப்பே கிடையாது. "உள் குறிப்பு" ஃபீல்டுகள் ஏற்றுமதியில் சேராதபடி முதலிலேயே பூட்டுங்கள். விருந்தினரின் தொலைபேசி எண்ணும் அடையாள அட்டையும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் போதாது, அடியில் இருப்பதை எடுத்துவிட முடியும். படத்திலேயே வெட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெம்ப்ளேட் தயாரானதும் ஒரு பொய்க் குறையை உருவாக்கி அதில் தமிழ், &, =, மிக நீண்ட முகவரி, காலி ஃபீல்டு எல்லாவற்றையும் போட்டு ஏற்றுமதி செய்யுங்கள். ஒரு குறைகூட இல்லாத அறிக்கையையும் நூற்றுக்கணக்கில் குறை உள்ள அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். அப்புறம் அதை உங்கள் கணினியில் பார்த்துத் திருப்தியடையாமல், அந்தக் கணக்காளரின் கணினியில், அவர் வைத்திருக்கும் பழைய ஆபீஸ் பதிப்பில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.