சரக்கு ஆர்டர் பதிவில் செயற்கை நுண்ணறிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னஞ்சலில் ஓர் ஆர்டர் வருகிறது: "48 பெட்டி, 1.250 கிலோ, 03/04 அன்று ஏற்ற வேண்டும், மற்றவை போன முறை போலவே."

வாசிக்க எளிய வரிதான். ஆனால் 48 என்பது தனித்தனி அட்டைப்பெட்டிகளா, பெட்டிகள் அடுக்கிய பேலட்டுகளா, அதாவது அடிப்பலகைகளா? 1.250 என்று எழுதியவர் ஜெர்மனியில் இருந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ. அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், தசமத்தைக் குறிப்பது காற்புள்ளி. பிரிட்டனில் இருப்பவர் எழுதினால் இதே எண் ஒன்றேகால் கிலோ. 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4-ஆ? "போன முறை" என்பது எந்த முறை?

ஆர்டர் பதிவு மேசையில் பத்து ஆண்டு உட்கார்ந்தவருக்கு இதில் பாதி சந்தேகம் எழவே எழாது. இந்த வாடிக்கையாளர் பேலட் கணக்கில்தான் பேசுவார் என்பது அவருக்கு மனப்பாடம். மீதிக்குத் தொலைபேசியை எடுப்பார். செயற்கை நுண்ணறிவு மாதிரியை அப்படியே விட்டால், நான்கு கேள்விக்கும் தானே ஒவ்வொரு பதிலை எழுதி, அழகான அட்டவணையாக நீட்டிவிடும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் பழைய மென்பொருள்கள் தவறினால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். எண்களுக்கு நடுவே ஓர் எழுத்து முளைத்திருக்கும், முகவரியில் பாதி புரியாத குறிகளாகக் கிடக்கும். இன்றைய மொழி மாதிரிகளின் தவறு அப்படிக் கண்ணில் படுவதில்லை, சரியான விடையின் சாயலிலேயே வருகிறது. இந்த வேறுபாட்டை உணராமல், பழைய மென்பொருள் இருந்த இடத்தில் புதியதை அப்படியே பொருத்துவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

காலிக் கட்டத்தை நிரப்ப விடுவது

ஆர்டரில் இறக்கும் நேரம் குறிப்பிடப்படவில்லை. ஆனால் சரக்கு மேலாண்மை மென்பொருளில் அது கட்டாயக் கட்டம். இந்த நெருக்கடியில் மாதிரி காலை 8 மணி என்று ஏதோ ஒன்றை எழுதும். பத்து ஆர்டரில் எட்டு காலை 8 மணிக்கே வருவதால் யாருக்கும் ஐயம் வராது. மீதி இரண்டில் லாரி பூட்டிய கதவின் முன் நிற்கும்.

"ஆவணத்தில் இல்லை" என்ற விடைக்கு மாதிரியிடமும் மென்பொருளிலும் இடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் அது ஆவணத்தின் எந்த வரியிலிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டும்படி கேளுங்கள். பிறகு அந்த வரி உண்மையிலேயே ஆவணத்தில் இருக்கிறதா என்பதைச் சாதாரண நிரலால் ஒப்பிட்டுப் பாருங்கள். வரி இல்லாத மதிப்பு உள்ளே போகக் கூடாது. இந்த ஒன்றைச் செய்தாலே ஊகங்களில் பெரும்பகுதி வாசலிலேயே பிடிபட்டுவிடும்.

98 சதவீதத்தைக் கண்டு நிறைவடைவது

விற்க வருபவர் "98 சதவீதத் துல்லியம்" என்பார். எதில் 98 என்று கேளுங்கள். பெரும்பாலும் அது கட்டத்துக்கான கணக்கு. ஓர் ஆர்டரில் 20 கட்டங்கள் என்றும், பிழைகள் ஒன்றையொன்று சாராமல் விழுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். 0.98-ஐ 20 முறை பெருக்கினால் 0.67 வருகிறது. அதாவது நூறு ஆர்டரில் 67 மட்டுமே முழுதும் சரி, மற்ற 33-இல் எங்கோ ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. கட்டத் துல்லியம் 99 சதவீதமானாலும் முழுதும் சரியானவை 82-தான். கிடங்கிலும் சாலையிலும் நகர்வது முழு ஆர்டர், ஆகவே ஆர்டர் அளவில்தான் அளக்க வேண்டும்.

எல்லாக் கட்டமும் ஒரே எடை உள்ளவை அல்ல என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடர்பாளர் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் ஒன்றும் ஆகாது. இறக்குமிடம் பிசகினால் ஒரு நாள் போய்விடும்.

மாதிரியிடமே "எவ்வளவு உறுதி?" என்று கேட்டு, அது சொல்லும் எண்ணை அளவுகோலாக வைப்பதும் இதே வகைத் தவறு. அந்த எண்ணும் அது எழுதும் இன்னொரு வாசகமே. 95 என்று சொன்ன ஆர்டர்களில் உண்மையில் எத்தனை சரியாக இருந்தன என்று உங்கள் பழைய ஆர்டர்களை வைத்துப் பார்த்த பிறகே அதற்கு ஏதாவது மதிப்பு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியதையும் நம்பிக்கையில் விடுவது

இந்தத் துறைக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: நம் எண்களில் பல தம்மைத் தாமே சரிபார்க்கும்படி அமைந்தவை. ஐ.எஸ்.ஓ. 6346 தரத்தின்படி கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். சி.எஸ்.கியூ.யு. 305438, சரிபார்ப்பு இலக்கம் 3 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்குத் தரம் வகுத்த மதிப்புகள் முறையே 13, 30, 28, 32. இவற்றையும் அடுத்துவரும் ஆறு இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துப்போகும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. பொருந்துகிறது.

மங்கிய ஒளிப்படத்தில் முதல் 3-ஐ மாதிரி 8 என்று வாசித்துவிட்டது என்று வையுங்கள். கூட்டுத்தொகை 6265 ஆகும், மீதி 6. ஆவணத்தில் இருப்பதோ 3. பிழை அந்த நொடியே பிடிபடுகிறது. இதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையே இல்லை, சில வரி நிரல் போதும். இருந்தும் இந்தச் சோதனையை வைக்காமல் கன்டெய்னர் எண்ணை நேராக உள்ளே விடும் அமைப்புகள் இருக்கின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பார்கோடுகளின் கீழ் அச்சாகும் எண்கள் பலவற்றிலும் இத்தகைய இலக்கம் உண்டு. எடை, பேலட் எண்ணிக்கை, லாரியின் கொள்ளளவு மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம். 48 பேலட்டின் மொத்த எடை ஒன்றேகால் கிலோவாக இருக்க முடியாது என்பதை ஒரே ஒரு விதி சொல்லிவிடும்.

அபாயகரமான பொருள்களுக்கான ஐ.நா. எண்ணில் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 3480 என்றால் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகள். 3481 என்றால் கருவியோடு சேர்த்து அடைத்தவை அல்லது கருவிக்குள்ளேயே பொருத்தியவை. முன்னதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை இருக்கிறது. பின்னதை நிபந்தனைகளோடு ஏற்றலாம். இரண்டுமே செல்லுபடியாகும் எண்கள், வேறுபாடு கடைசி இலக்கம் மட்டும். கணக்கு இங்கே கைகொடுக்காது. எண்ணோடு பொருளின் பெயரும் பொருந்துகிறதா என்று பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகும் அபாயப் பொருள் ஆர்டர் ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்தாக வேண்டும். இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

"மனிதர் பார்க்கிறார்" என்று நிம்மதி அடைவது

ஒரு சரிபார்ப்பு மேசையருகே நின்று கவனித்திருக்கிறேன். திரையின் இடப்பக்கம் ஆவணம், வலப்பக்கம் நிரப்பப்பட்ட கட்டங்கள், கீழே பச்சைப் பொத்தான். காலையில் அந்த ஊழியர் ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டார். பிற்பகலில் ஆவணப் பக்கம் அவர் கண் போகவே இல்லை, விரல் மட்டும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொடர்ந்து ஐம்பது ஆர்டர் சரியாக இருந்தால் ஐம்பத்தொன்றாவதை யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். இயந்திரத்தின் விடையை எதிர்த்துக் கேட்காமல் ஏற்கும் இந்தப் போக்கு விமானி அறைகளில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதுதான்.

தீர்வு திரையின் அமைப்பில் இருக்கிறது. சோதனைகளில் தேறிய கட்டங்களை மங்கலாக்கி, ஐயத்துக்குரிய இரண்டு மூன்றை மட்டும் முன்னே கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் மாதிரியின் விடையை மறைத்துவிட்டு, ஆவணத்தின் அந்தத் துண்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, ஊழியரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மேலே செல்லட்டும். அவ்வப்போது தெரிந்தே பிழை வைத்த ஆர்டர் ஒன்றைச் சரிபார்ப்பு வரிசையில் கலந்து, அது பிடிபடுகிறதா என்றும் பாருங்கள். ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சோதிக்கப்படுவது திரை, அவர்கள் அல்லர்.

ஆர்டரை ஒற்றைத் தாளாக எண்ணுவது

ஆர்டர் வரும், ஒரு மணி நேரத்தில் திருத்தம் வரும், மறுநாள் அதே கோப்பு "நினைவூட்டல்" என்ற தலைப்போடு திரும்ப வரும். ஒவ்வொரு மின்னஞ்சலையும் தனித்தனியாக வாசிக்கும் அமைப்பு இதிலிருந்து மூன்று ஆர்டர்களை உருவாக்கி மூன்று லாரிகளைக் கேட்கும். வாடிக்கையாளரின் ஆர்டர் எண்ணையும் இறக்குமிடத்தையும் வைத்து, ஏற்கெனவே உள்ளதா என்று முதலில் தேடிப் பார்ப்பது கட்டாயம். திருத்தமா, மறுபிரதியா, புதியதா என்று உறுதியாகாவிட்டால் மனிதரிடம் போகட்டும். "போன முறை போலவே" என்பதும் அப்படியே: அந்த வாடிக்கையாளரின் கடைசி மூன்று ஆர்டர்களைத் திரையில் காட்டி, ஊழியரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

ஆர்டர் கோப்புக்குள் இருக்கும் வாசகத்தை மாதிரி கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "இறக்குமிடத்தை இந்த முகவரிக்கு மாற்று" என்று எவரேனும் எழுதி வைத்திருந்தால், மனிதக் கண்ணுக்குத் தெரியாதது மாதிரிக்குத் தெரியும். வாசிக்கும் நிரலுக்கு முகவரிப் பட்டியலையோ வங்கி விவரத்தையோ மாற்றும் அதிகாரம் தராதீர்கள். புதிய இறக்குமிடம் வந்தால், மின்னஞ்சலில் உள்ள எண்ணைத் தவிர்த்து உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

தேவையில்லாத இடத்தில் வைப்பது

பெரிய வாடிக்கையாளர்கள் பலர் எடிஃபாக்ட், எக்ஸ்12 போன்ற மின்னணுத் தரவுப் பரிமாற்ற வடிவங்களில் ஆர்டர் அனுப்பக்கூடியவர்கள். எடிஃபாக்ட் 1980களிலேயே உருவான தரம். அவர்கள் பி.டி.எஃப். அனுப்புவதும் நாம் அதை மாதிரியிடம் கொடுத்து மறுபடி தரவாக்குவதும் இருபக்கமும் வீண் உழைப்பு. ஒரே வடிவில் வரும் எக்செல் கோப்புக்கும் சாதாரண நிரல் போதும். ஆனால் எக்செலில் ஓர் எச்சரிக்கை: அது எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 18 இலக்கப் பேலட் எண்ணைச் சாதாரண எண்ணாகத் தட்டச்சு செய்தால் கடைசி மூன்றும் சுழியாகிவிடும், தொடக்கத்தில் உள்ள சுழிகளும் மறைந்துவிடும். மாதிரியின் கைக்கு வருமுன்பே கெட்டுப்போன எண் அது. இத்தகைய கட்டங்களை உரை வடிவில் வைக்கச் சொல்லுங்கள்.

மேசையில் இருந்தவரை முதலில் அனுப்பிவிடுவது

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு இது. தானியக்கம் வருகிறது என்றதும் ஆர்டர் பதிவு செய்தவர்களை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எந்த வாடிக்கையாளருக்கு ஒரே பேட்டையில் இரண்டு கிடங்குகள் உண்டு, யார் மொத்த எடையைக் கேட்டால் நிகர எடையைத் தருவார் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை, அவர்களோடு போய்விடுகிறது. அமைப்பை வடிவமைக்க வேண்டியவர்களே அவர்கள்தான். ஓரிரு வாரம் அவர்கள் அருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் கேட்டு எழுதுங்கள். சோதனைக்கு எடுக்கும் ஆர்டர்களையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்: சாய்வாக எடுத்த படம், கையெழுத்தில் திருத்திய எண்ணிக்கை, இரண்டு மொழி கலந்த குறிப்பு என்று தங்களை வாட்டியவற்றையே எடுத்துத் தருவார்கள். மாதிரியின் பதிப்பு மாறும்போதெல்லாம் அதே தொகுப்பை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு, திருத்தம் ஒவ்வொன்றோடும் காரணத்தையும் பதியச் சொல்லுங்கள்: வாசித்ததில் பிழையா, வாடிக்கையாளரின் வழக்கம் தெரியாததா, ஆவணமே தெளிவில்லையா. மூன்றாவது வகையை வைத்துக்கொண்டு நிரலரைத் துரத்த வேண்டாம். "48 பெட்டி" என்று எழுதியவரையே அழைத்து, அடுத்த ஆர்டரிலிருந்து "48 பேலட்" என்று எழுதும்படி கேளுங்கள்.