தேயிலை மலையில் பெயர்பெற்ற நடிகையோடு படப்பிடிப்பு: சிறிய குழுக்களுக்கு

பெயர்பெற்ற ஒரு நடிகை உங்கள் சின்னப் படத்துக்கு எட்டு நாள் தருகிறார் என்றால், மொத்தப் படத்திலும் அந்த எட்டு நாளுக்குத்தான் செலவு கூட. இலங்கை மலையகத்தில் அந்த நாட்களை அவருடைய கால்ஷீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழையையும் கொழுந்தையும் கேட்டுவிட்டுத் திகதி குறியுங்கள்.

அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழைக்காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் மழை அதிகம். நுவரெலியாவுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது, ஆனால் இரவுக் குளிர் கடுமை. ஏப்ரலில் அங்கே வசந்தகாலக் கூட்டம். அறை கிடைக்காது, தெருவும் நகராது. நல்ல மாதத்திலும் பின்னேரம் மூடுபனி இறங்கிவிடலாம். அதனால் அவருடைய வெளிப்புறக் காட்சிகளைக் காலை 6.30 முதல் 11 மணிக்குள் முடித்து, பின்னேரத்தை லயத்துக்குள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், நடக்கும் காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வர ஐந்தாறு மணித்தியாலம் ஆகும். வந்து சேரும் நாளில் படப்பிடிப்பு வேண்டாம்.

அடுத்தது கொழுந்து ரவுண்டு. அதிகம் பேர் சறுக்குவது இதில்தான். ஒரு மலையில் (தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒரு பகுதியை மலை என்பார்கள்) கொழுந்து பறித்தால் திரும்பப் பறிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வறட்சியில் இன்னும் தள்ளிப்போகும். பறிக்கும் முன்னர் செடியின் மேற்பரப்பு இளம்பச்சையாக இருக்கும், பறித்ததும் கரும்பச்சையாகிவிடும். ஒரே காட்சியின் பாதியைச் செவ்வாயும் மீதியை வியாழனும் எடுத்தால் இரண்டும் ஒட்டாது. ஆகவே பெரிய துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) அனுமதி வாங்கும்போதே எந்த மலையில் எப்போது பறிப்பு, எங்கே கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), எங்கே மருந்தடிப்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்தடித்த மலைக்குள் யாரையும் இறக்க வேண்டாம். ட்ரோன் பறக்கவிடவும் ரயிலில் படமெடுக்கவும் தனித்தனி அனுமதி வேண்டும்.

அவருக்குக் கொழுந்து பறிக்கக் கற்றுக்கொடுக்க, படப்பிடிப்புக்கு முன்னர் இரண்டு காலையாவது ஒதுக்குங்கள். கற்றுக்கொடுக்க வேண்டியவர் தோட்டத்தில் நாள்தோறும் கொழுந்தெடுக்கும் ஒரு அக்காதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரல்களுக்கு நடுவே ஒடிய வேண்டும்; நகத்தால் கிள்ளினால் குளோசப்பில் உடனே தெரியும். கூடையை வெறுமையாக மாட்டவே கூடாது. பாரம் இல்லாவிட்டால் தலையில் மாட்டிய கயிறு தளர்ந்து நிற்கும், கழுத்து முன்னால் சாயாது, நடையும் பொய்யாகிவிடும். ஐந்தாறு கிலோ கொழுந்து போடுங்கள்; ஈரக் கொழுந்து என்றால் பாரம் இன்னும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கயிற்றுக்கு அடியில் மடித்த துணி வைத்து, இரண்டு மூன்று டேக்குக்கு ஒருமுறை கூடையை இறக்கிவிடுங்கள். விரலில் பிடிக்கும் கொழுந்துக் கறையைக் கழுவிவிடாமல் அப்படியே விடுங்கள். எந்த ஒப்பனையும் அந்தக் கறைக்கு ஈடாகாது. அட்டை கடிக்காமலிருக்க, காலில் சவர்க்காரத்தைத் தடவி நீண்ட காலுறை போடலாம். கடித்த இடத்தில் இரத்தம் சட்டென்று நிற்காது என்பதால் உடுப்பில் ஒரே மாதிரி இரண்டு வைத்திருங்கள்.

சொல்லிக்கொடுத்த அக்காவுக்குப் பயிற்சியாளருக்குரிய சம்பளம் கொடுங்கள். பின்னணியில் நடக்கும் தொழிலாளர்களுக்கு அன்றைய பேர் விழாது, அதாவது தோட்டத்தில் அன்றைய சம்பளம் கிடைக்காது. சாப்பாட்டோடு நிறுத்தாமல், இழந்த நாட்சம்பளத்துக்குக் குறையாமல் அன்று மாலையே கையில் கொடுங்கள். இதைச் செய்யாத குழு அந்தத் தோட்டத்தில் படமெடுக்கத் தகுதியில்லாதது.

கூட்டம் கூடத்தான் செய்யும். ஞாயிறையும் கோயில் திருவிழா நாட்களையும் தவிருங்கள். வார நாளில் பிரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து ஆட்கள் மலைக்குப் போனபின் லயம் அமைதியாக இருக்கும். லயத்துப் பிள்ளைகள் அவரைப் பார்க்கத் துடிப்பார்கள். மாலையில் அரைமணி நேரம் படமெடுத்துக்கொள்ள விடுவோம் என்று தோட்டத் தலைவர் மூலம் முன்பே சொல்லிவிட்டால், பகலில் மறைந்து நின்று போன் நீட்டுவது குறையும். மலையில் அவருக்குக் கழிவறையும் உடை மாற்ற மறைப்பான இடமும் கட்டாயம். நடந்து ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும்.

நேரடி ஒலி எடுப்பவர்கள் தேயிலை ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) தள்ளி இடம் தேடுங்கள். கொழுந்து வாட்டும் விசிறி மணிக்கணக்கில் ஓடும்.

ஒப்பந்தத்தில் நாட்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், டப்பிங் நாட்கள், விளம்பரத்துக்கு வரும் நாட்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ஐந்து நாளுக்கு ஒரு மழை நாள் சேர்த்து, அன்றைக்குச் சம்பளம் பாதியா முழுதா என்றும் எழுதுங்கள். சம்பளத்தைக் குறைத்து வருமானத்தில் பங்கு கொடுப்பதாக இருந்தால், அது செலவு கழித்த தொகையிலா கழிக்காத தொகையிலா என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். பெரும்பாலான மனக்கசப்பு அந்த ஒரு வரி இல்லாததால் வருவது. இந்தியாவிலிருந்து வருபவர் என்றால் சுற்றுலா விசாவில் நடிக்க வைக்காதீர்கள்.