'ஃபஸ்டிகேட்': தடி ஒளிந்திருக்கும் சொல்லை எப்படி எழுதுவது?

தங்கச்சிமடத்தில் மாலை நேரம் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கடலுக்குப் போகும் இளைஞர்களும் அப்போது வந்து உட்காருவார்கள். போன தடைக்காலத்தில் ஒரு மாணவி, காயப்போட்ட கருவாட்டை மழையில் நனையவிட்ட கதையைக் கட்டுரையாக எழுதினாள். அதில் ஒரு வரி: 'மை மதர் ஃபஸ்டிகேட்டட் மீ.'

"அம்மா கம்பெடுத்து அடிச்சாங்களா?" என்றேன்.

பதறிவிட்டாள். "இல்ல சார், வஞ்சாங்க, அவ்வளவுதான்."

வைவதற்கு 'ஸ்கோல்ட்' போதும். ஃபஸ்டிகேட்டுக்குள் தடி இருக்கிறது. லத்தீனில் 'ஃபுஸ்டிஸ்' என்றால் தடி. தடியால் அடிப்பதுதான் முதல் பொருள். கடுமையாகச் சாடுவது அதிலிருந்து வந்தது. நாமும் அடிக்கும் சரி, பேச்சுக்கும் சரி, 'வெளுத்து வாங்கிட்டார்' என்றுதானே சொல்கிறோம்! இன்று இந்தச் சொல் சாடும் பொருளில், அதுவும் எழுத்தில்தான், அபூர்வமாக வருகிறது.

முதல் அசையை அழுத்துங்கள்: ஃபஸ்-டி-கேட். 'இன்வெஸ்டிகேட்'டின் வால்தான் இதற்கும்.

என் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இலக்கணத்தில். 'அவர் மேல் பாய்ந்தார்' என்று தமிழில் நினைத்துக்கொண்டு, வினைக்குப் பின்னால் 'ஆன்' அல்லது 'அட்' போட்டுவிடுகிறார்கள். 'அவரைச் சாடினார்' என்று நினையுங்கள். அந்த 'ஐ' உருபு போல, ஆள் வினையை ஒட்டியே வர வேண்டும். நடுவில் எதுவும் வேண்டாம். காரணத்தைச் சொல்ல மட்டும் 'ஃபார்': 'தி எடிட்டோரியல் ஃபஸ்டிகேட்டட் தி கான்ட்ராக்டர் ஃபார் தி ஹாஃப்-பில்ட் ஜெட்டி.' பாதியில் நிற்கும் படகுத்துறைக்காக ஒப்பந்தக்காரரைத் தலையங்கம் வெளுத்து வாங்குகிறது. அடிக்கிற கையிலும் பலம், வாங்குகிற முதுகிலும் பலம். இந்தச் சொல்லுக்கு அதுதான் இடம். தப்பு செய்த குழந்தை மேல் இதை ஏவுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கடுமையாகச் சாடுவதற்கே இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. 'எக்ஸ்கோரியேட்'டுக்குள் 'கோரியம்', அதாவது தோல். நம் 'தோலை உரிப்பது'தான். 'லம்பேஸ்ட்' செய்தித்தாளில் அடிக்கடி வரும். எல்லோருக்கும் புரிய வேண்டுமென்றால் லம்பேஸ்ட் எழுதுங்கள். அடியின் கனம் கேட்க வேண்டிய ஒரே ஒரு வரிக்கு ஃபஸ்டிகேட்டை வையுங்கள். ஒரு கட்டுரையில் இரண்டாம் முறை வந்தால் அந்தக் கனம் போய்விடும்.

மனுவில் மட்டும் வேண்டவே வேண்டாம். தடைக்கால நிவாரணம் கேட்டு எழுதும்போது படகின் பதிவு எண், வங்கிக் கணக்கு, எந்த வருடத் தொகை என்பதை எழுதுங்கள்.