அந்த ஆர்.சி.எஸ். நோட்டீஸ்: பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஜூனியர் ஒரு கேஸ் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மகனை அடித்துக் காலை உடைத்துவிட்டார்கள் என்று ஒரு அம்மா கொடுத்த புகார். கட்டின் நடுவில் வழக்கை மூடப்போகிறோம் என்று ஸ்டேஷனிலிருந்து வந்த ஆர்.சி.எஸ். நோட்டீஸ் ஒன்று துளை போட்டு ஒழுங்காகக் கோர்க்கப்பட்டிருந்தது. கீழே அந்த அம்மாவின் கைநாட்டு. தேதியைப் பார்த்தேன். 42 நாள் ஆகியிருந்தது. "இதுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "ஃபைல்ல வச்சிட்டேன் மேடம்" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதே இடத்தில்தான் கோட்டை விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நம்பி வீட்டுக்குப் போவது, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்காமல் விடுவது போன்றவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வழக்கு மூடப்படுவதைத் தெரியாமல் இருப்பது

ஆர்.சி.எஸ். என்பது, குற்றப்பத்திரிகை போடாமலே வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்று காவல்துறை மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் இறுதி அறிக்கை. சில வழக்கில் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று இருக்கும், பல வழக்கில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (புகாரில் சொன்னபடி குற்றம் நடக்கவில்லை) என்று இருக்கும். அந்த அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். ஏற்பதற்கு முன்னால் புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டிலேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸ் வரும் நாள்தான் பாதிக்கப்பட்டவரின் வழக்கில் மிக முக்கியமான நாள். ஆனால் அது ஒரு சாயங்கால வேளையில், ஸ்டேஷன் கான்ஸ்டபிள் பைக்கை ஓரம் கட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா, பேப்பர் வந்திருக்கு" என்று சொல்வதோடு முடிந்துபோகிறது.

என்னுடைய வழக்கைச் சொல்கிறேன். கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர், கூலி பாக்கியைக் கேட்டதற்காக அடிபட்டு, நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் கூட வேலை பார்த்தவர். அவர் கொடுத்த புகாரில்தான் எஃப்.ஐ.ஆர். பதிவானது. இறந்தவரின் மனைவி மாதம் ஒரு முறை பையனையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருவார். பையன் ஸ்கூல் பையைக்கூட இறக்காமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பான். "கேஸ் என்ன ஆச்சு வக்கீலம்மா?" என்று கேட்பார். "விசாரணை நடக்குதும்மா, சார்ஜ் ஷீட் போட்டதும் சொல்றேன்" என்பேன். ஸ்டேஷன் ரைட்டருக்குப் போன் போட்டால் அவரும் அதையேதான் சொல்வார்.

பதினாறு மாதம் இப்படியே ஓடியது. இழப்பீட்டு மனுவுக்காக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கின் நிலை என்ன என்று கேட்டார்கள். கோர்ட்டில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வழக்கு மூடி பத்து மாதம் ஆகிவிட்டது. சாரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தார், மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட். நோட்டீஸ் போயிருந்தது. கூட வேலை பார்த்தவருக்கு. டீக்கடை வாசலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. மனைவிக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்த இடத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. பகவந்த் சிங் தீர்ப்பின்படி நோட்டீஸ் பெறும் உரிமை புகார் கொடுத்தவருக்குத்தான். காயம்பட்டவரோ இறந்தவரின் உறவினரோ புகார்தாரராக இல்லாவிட்டால், அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. மாஜிஸ்திரேட் நினைத்தால் கொடுக்கலாம். ஆனால் அறிக்கை பரிசீலனைக்கு வரும்போது அவர்களாகவே ஆஜராகித் தங்கள் தரப்பைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. என்றைக்குப் பரிசீலனை என்று தெரிந்தால்தானே ஆஜராக முடியும்? நம் ஊரில் எத்தனை மரண வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலர்தான் புகார்தாரர் என்று நினைத்துப் பாருங்கள். நோட்டீஸ் அவருக்குப் போகும், அவர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ்.ஸிலும் இந்த ஓட்டை முழுதாக அடைபடவில்லை. புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 193ஆம் பிரிவு சொல்கிறது, நல்லது. ஆனால் யாருக்கு? புகார்தாரருக்கு 'அல்லது' பாதிக்கப்பட்டவருக்கு. அந்த 'அல்லது' இருக்கும் வரை கூட வேலை பார்த்தவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாலே போதும்.

அதனால் வழக்கு கையில் வந்த அன்றைக்கே எஃப்.ஐ.ஆரில் புகார்தாரர் பெயரைப் பாருங்கள். குடும்பத்தைச் சேர்ந்தவர் இல்லை என்றால், பாதிக்கப்பட்டவர் இன்னார், விலாசம் இது, போன் எண் இது, எந்த அறிக்கை தாக்கல் செய்தாலும் இவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புலனாய்வு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதையே ஒரு மெமோவாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள், வக்காலத்தோடு. வக்காலத்து ஏன் என்றால், பி.என்.எஸ்.எஸ். 230ஆம் பிரிவில் வழக்கு ஆவணங்களின் நகல் பாதிக்கப்பட்டவருக்கும் கிடைக்கும், ஆனால் அவருக்கு வழக்கறிஞர் இருந்தால்தான். அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குமாஸ்தாவை அனுப்பி அந்தக் குற்ற எண்ணில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சலிப்பான வேலைதான். நான் அதைச் செய்திருந்தால் அந்தப் பையன் தன் அப்பா எப்படிச் செத்தார் என்பதை ஒரு கோர்ட் தீர்ப்பில் படித்திருப்பான்.

நோட்டீஸ் வந்துவிட்டதா? கையெழுத்துப் போடுவதில் தப்பில்லை. பெற்றுக்கொண்டேன் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து, ஒப்புக்கொண்டேன் என்பதற்கு இல்லை. ஆனால் வாங்கிய தேதியைத் தன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 'எனக்கு ஆட்சேபம் உண்டு' என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். மறுநாளே காப்பி அப்ளிகேஷன் போடுங்கள்: இறுதி அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று.

வழக்கை மூடக் கூடாது என்று கோர்ட்டில் கொடுக்கும் எதிர்ப்பு மனுவை எழுதுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. 'போலீஸ் பணம் வாங்கிக்கொண்டு கேஸை மூடிவிட்டது' என்று நாலு பக்கம் எழுதுகிறார்கள். அதைப் படித்து எந்த மாஜிஸ்திரேட்டும் உத்தரவு போட முடியாது. என் வழக்கில் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இரண்டு முன்கைகளிலும் கோடு கோடாகக் கன்றிய காயங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். நீளம், அகலம் எல்லாம் அளந்து போட்டிருந்தார். அடி விழும்போது தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கினால் வரும் காயம் அது. சாரத்திலிருந்து விழுந்தால் இரண்டு முன்கையிலும் ஒரே மாதிரிக் கோடு எப்படி வரும் என்று அந்த டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்த்த ஹார்டுவேர் கடையின் கேமரா பதிவை யாரும் வாங்கவில்லை. மனுவில் இருக்க வேண்டியது இவைதான்: யாரை விசாரிக்கவில்லை, எதைக் கைப்பற்றவில்லை, எந்த ஆவணம் போலீஸ் சொல்லும் கதைக்கு ஒத்துவரவில்லை.

மாஜிஸ்திரேட் போலீஸின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. ஆவணங்களைப் பார்த்து அவரே வழக்கைக் கோப்புக்கு எடுக்கலாம் (விசாரணைக்கு ஏற்கலாம்), மேற்கொண்டு விசாரிக்கும்படி உத்தரவிடலாம், அல்லது எதிர்ப்பு மனுவையே, நேராகக் கோர்ட்டில் கொடுக்கும் தனிப்புகாராக எடுத்துக்கொள்ளலாம். கடைசி வழிக்கு மனு ஒரு புகாருக்கு வேண்டிய அம்சங்களோடு இருக்க வேண்டும். 2019இல் விஷ்ணு குமார் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. ஆகவே சாட்சிப் பட்டியலைச் சேர்த்தே எழுதுங்கள். ஆனால் முதலில் மேல் விசாரணையைத்தான் கேளுங்கள். தனிப்புகார் என்று போனால், புதிய சட்டத்தின் 223ஆம் பிரிவில் கோப்புக்கு எடுப்பதற்கு முன்பே எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்க வேண்டும். சாட்சிகளைத் தேடிக் கொண்டுவரும் பாரமும் குடும்பத்தின் தலையில் விழும்.

நாங்கள் உயர் நீதிமன்றம் வரை போய் மேல் விசாரணைக்கு உத்தரவு வாங்கினோம். அதற்குள் மூன்று வருடம். கேமரா பதிவு எப்போதோ அழிந்திருந்தது. கூட வேலை பார்த்தவரைக் கண்டுபிடித்தோம், அவர் "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க" என்றார். குற்றப்பத்திரிகை வந்தது, விசாரணை நடந்தது, எல்லோரும் விடுதலை. முன்கைக் காயங்கள் மட்டும் தீர்ப்பில் ஒரு பத்தியில் இருக்கின்றன.

இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருப்பது

'கேஸ் முடிந்ததும் நஷ்ட ஈடு கேட்கலாம்' என்று இன்னும் சொல்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 396. எதிரி யார் என்றே தெரியாவிட்டாலும், விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் நேராகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கலாம். விசாரித்து இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். உடனடி மருத்துவச் செலவுக்கு இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். வழக்கில் எதிரி விடுதலையானாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்றால் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கம்பித் தொழிலாளியின் மனைவிக்குக் கடைசியில் இந்த வழியில்தான் பணம் கிடைத்தது.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் (நால்சா) பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் 2018இல் வந்தது. அதில் உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம். போக்சோ வழக்கில் 2020 விதிகளின் 9ஆம் விதிப்படி எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம். உத்தரவு கிடைத்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். குழந்தையின் பேரில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு இல்லாததால் மட்டும் மாதக்கணக்கில் பணம் நிற்பதைப் பார்க்கிறேன். முதல் வாரமே கணக்கைத் தொடங்க வையுங்கள்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் கிடைக்கும் நிவாரணம் வேறு, இது வேறு. அந்த நிவாரணம் கட்டம் கட்டமாக வரும். கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போன பிறகு மீதி. ஆர்.சி.எஸ். போட்டுவிட்டால் அந்த மீதிப் பாதியும் போச்சு.

"பி.பி. பார்த்துக்குவார்"

பி.பி. அரசின் வழக்கறிஞர். நல்லவராகவே இருந்தாலும் ஒரு நாளைக்கு அவர் கையில் முப்பது கட்டு இருக்கும். ஜாமீன் மனு வந்தால் இடையீட்டு மனு போட்டு நில்லுங்கள். உத்தரப் பிரதேசத்தில் போராடிய விவசாயிகள் மீது கார் ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆன்லைன் விசாரணையில் பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞருக்கு இணைப்பு அறுந்துபோனது, மறுபடி கேளுங்கள் என்று மனு போட்டும் கேட்கவில்லை என்பதைத் தீர்ப்பே சொல்கிறது. புலனாய்விலிருந்து மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ பிரிவு இருக்கிறது, ஜாமீன் உட்பட எந்த நடவடிக்கைக்கும் முன்னறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் கிடைத்த ஜாமீனை எதிர்த்துப் போங்கள்.

அதேசமயம் விசாரணையில் நீங்களே எழுந்து குறுக்கு விசாரணை செய்ய முடியாது. 2019 ரேகா முரார்கா தீர்ப்பு அதைத் தெளிவாக்கிவிட்டது. கேள்விகளை எழுதி பி.பி.யிடம் முதல் நாள் சாயங்காலமே கொடுங்கள். சாட்சி கூண்டில் ஏறிய பிறகு காதில் சொன்னால் பயன் இல்லை.

வழக்கைத் திரும்பப் பெற அரசு கேட்டால்

பி.என்.எஸ்.எஸ். 360. பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதிக்கக் கூடாது. அன்றைய வாய்தாவைத் தவறவிடாதீர்கள்.

விடுதலைக்குப் பிறகு அரசுக்காகக் காத்திருப்பது

வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். 413இல் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். தனி அனுமதி தேவையில்லை என்று 2018இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. மாஜிஸ்திரேட் விடுதலை செய்திருந்தால் போக வேண்டியது செஷன்ஸ் கோர்ட்டுக்கு. நேராக உயர் நீதிமன்றத்துக்கு ஓடி நாளை வீணாக்குகிறார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி முன்பணம் கேட்டால்

பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு இரண்டிலும் தனியார் ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுக்க வேண்டும். மறுப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

பெயர்

பாலியல் வழக்குகளில் மனுவின் தலைப்பில் பாதிக்கப்பட்டவரின் பெயரை எழுதாதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலும் கூடாது.

சாட்சிக்கு மிரட்டல்

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு நடைமுறைக்கு வந்தது. மாவட்ட நீதிபதி தலைமையில் இருக்கும் அதிகாரக் குழுவிடம் எழுத்தில் மனு கொடுங்கள். மிரட்டியவர் வண்டி எண், வந்த நேரம், சொன்ன வார்த்தை மூன்றும் இருக்கட்டும்.

போன் நம்பர்

முதல் சந்திப்பிலேயே மூன்று நம்பர் வாங்கி வையுங்கள். பாதிக்கப்பட்டவருடையது, ஊரை விட்டுப் போகாத ஒரு உறவினருடையது, புகார்தாரர் வேறு ஆள் என்றால் அவருடையது. மாதம் ஒரு முறை மூன்றுக்கும் போட்டுப் பாருங்கள். அந்த 42 நாள் நோட்டீஸ் வழக்கில் அறிக்கை இன்னும் பரிசீலனைக்கு எடுக்கப்படவில்லை. எதிர்ப்பு மனுவை ஜூனியரே எழுதினார். அடுத்த வாய்தாவுக்கு அந்த அம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.