ரிஜிஸ்டர் ஆஃபீஸில் தேதி வாங்காமல் நிக்காஹ் வைக்காதீர்கள்

படிப்புக்கோ வேலைக்கோ இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திறங்கும் நம் முஸ்லிம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பவை இரண்டு: ஹலால் இறைச்சி எங்கே கிடைக்கும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அலுவலகத்தில் விடுவார்களா. இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, யாருக்குமே கேட்கத் தோன்றாத இன்னொன்றைப் பற்றி, நிக்காஹ்வோடு அரசின் ரிஜிஸ்டர் ஆஃபீஸிலும் திருமணத்தைப் பதிவதைப் பற்றி, விரிவாக எழுத விரும்புகிறேன். அதைக் கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கான விலையைக் கொடுத்தவள் என் ராத்தா (அக்கா) மகள்.

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் 6.5 சதவீதம் பேர் முஸ்லிம்கள். ஆகவே லண்டன், லெஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற ஊர்களில் கறிக்கடைக்கும் பள்ளிவாசலுக்கும் குறைவில்லை. கடையில் 'ஹலால்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, சான்றளித்தவர் யார் என்று பாருங்கள். அறுப்பதற்கு முன் பிராணியை மயக்கமுறச் செய்வதை எச்.எம்.சி. என்னும் அமைப்பு ஏற்பதில்லை, வேறு சில அமைப்புகள் ஏற்கின்றன. உங்கள் மனம் எதில் நிம்மதி அடைகிறதோ அதை வாங்குங்கள். ஜும்ஆவுக்கு விட்டே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் தகுந்த காரணமின்றி மறுப்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பாகுபாடாகக் கருதப்படலாம் என்பதால், மதிய இடைவேளையை மாற்றித் தரும்படி வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பெருநாளுக்கு அரசு விடுமுறை கிடையாது. உங்கள் ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தொழுகை நேரம் பழகுவதற்கு ஒரு வருடமாகும். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்), மஃரிப் (அந்தி) தொழுகைகள் மூன்றும் அலுவலக நேரத்துக்குள் வந்து விழும். ஜூனில் மஃரிபே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். நம் கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர் (மார்க்கச் சட்டப் பிரிவினர்), இங்குள்ள பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை அஸரைப் பிந்தித் தொழும் ஹனஃபி மத்ஹபினர் நடத்துபவை என்பதால் அஸர் கூட்டுத் தொழுகை உங்களுக்குத் தாமதமாகத் தோன்றும். பல கால அட்டவணைகளில் அஸருக்கு இரண்டு நேரங்கள் அச்சிட்டிருக்கும், முந்தையது நம்முடையது.

ஊரில் பாங்கு சொல்லி நேரத்தை அறிவிப்பது ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்), மையவாடியில் (அடக்கத்தலத்தில்) இடம் ஒதுக்குவது ஜமாஅத், நிக்காஹ் தஃப்தரில் (பதிவேட்டில்) பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பதும் ஜமாஅத். நாளை மாப்பிள்ளை வீட்டில் ஏதேனும் பிசகு வந்தால் அந்தத் தஃப்தரைத் திறந்து வைத்துக்கொண்டு நியாயம் பேச நான்கு பெரியவர்கள் உட்காருவார்கள். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த நாம், இங்கேயும் ஒரு பள்ளிவாசலில், ஓர் இமாமின் முன்னிலையில், சாட்சிகளோடு நிக்காஹ் நடந்துவிட்டால் எல்லாம் முறையாக முடிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அல்லாஹ்விடத்தில் அது நிக்காஹ்தான். ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

2014இல் என் ராத்தா மகளுக்கு இங்கேயே வேலையில் இருந்த ஒரு பையனைப் பேசி முடித்தோம். ராத்தாவின் கணவரான மச்சானுக்குக் காயல்பட்டினத்திலிருந்து வர விசா கிடைக்காததால், வலீயான (மணப்பெண்ணின் பொறுப்பாளரான) அவர் தொலைபேசியில் என்னைத் தம் வக்கீலாக (பிரதிநிதியாக) நியமித்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுத்தவன் நான். பள்ளிவாசலில் ஓரம் பொன்நிறத்தில் மின்னிய ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதில் 'திருமணச் சான்றிதழ்' என்றே ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதி, முத்திரை குத்தி, என் கையெழுத்தையும் வாங்கினார்கள். ரிஜிஸ்டர் ஆஃபீஸில் பதிவு செய்துவிட்டீர்களா என்று அந்த இமாமும் கேட்கவில்லை, பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நாட்டில் இருந்த எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அதன்பின் ஏழு வருடங்கள், மருத்துவரிடமும் குழந்தையின் பள்ளிக்கூடத்திலும் அவள் தன்னை 'மனைவி' என்றே எழுதி வந்தாள்; எவரும் ஆதாரம் கேட்டதில்லை. இந்தக் குழி இத்தனை காலம் கண்ணில் படாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

2021இல் அவள் கணவர் பிரிந்து போனார். வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தது. வீட்டுக் கடனை அவர் கட்ட, மளிகை, மின்சாரம், குழந்தைக் காப்பகக் கட்டணம் எல்லாம் இவள் சம்பளத்திலிருந்து போயின. வழக்கறிஞரிடம் போனபோது அந்தப் பொன்நிறச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "நீங்கள் சட்டப்படி திருமணமானவர் இல்லை, ஆகவே விவாகரத்துக்கும் இடமில்லை, விவாகரத்தின்போது மனைவிக்குப் பிரித்துத் தரும் பங்குக்கும் இடமில்லை" என்றார். குழந்தைக்கான பராமரிப்புத் தொகை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டில் பங்கு கேட்பதென்றால், தன் பணம் அதில் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொத்துச் சட்டத்தின் கீழ்த் தனி வழக்காக நிரூபிக்க வேண்டும். மளிகைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு அதை யார் நிரூபிப்பது? எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என்ன நடந்தாலும் அவள் தலைக்கு மேல் அவளுடைய கூரை இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பெண், பிள்ளையோடு இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்ற இரவை என்னால் மறக்க இயலாது.

வழக்கறிஞர் காட்டிய தீர்ப்பு 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கியது. 1998இல் சவுத்தாலில் ஓர் உணவகத்தில் நிக்காஹ் நடந்த தம்பதி. பின்னர் சிவில் முறையிலும் மணப்பதாகப் பேசியிருந்தும் அது நடக்கவே இல்லை. நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். 2018இல் உயர் நீதிமன்றம் அதை 'செல்லாத திருமணம்' என்ற வகையிலாவது சேர்த்து மனைவிக்கு நிவாரணம் கேட்க வழிவிட்டது. மேல்முறையீட்டிலோ, 1949ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தைச் சற்றும் பின்பற்றாத அந்தச் சடங்கு 'செல்லாத திருமணம்' என்ற பெயருக்குக்கூட உரியதல்ல என்று சொல்லிவிட்டார்கள். ஷரீஆ கவுன்சில்கள் என்னும் மார்க்க மன்றங்கள் மார்க்கப்படி குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) வழங்கலாம். சொத்தைப் பிரித்துக் கொடுக்க அவற்றுக்கு அதிகாரம் இல்லை. கணவர் உயில் எழுதாமல் மௌத்தாகிவிட்டாலும் இதே கதைதான்: சட்டப்படியான மனைவிக்குத் தானாக வரும் பங்கு, நிக்காஹ் மட்டும் செய்தவளுக்குத் தானாக வராது, நீதிமன்றத்தில் கேட்டுத்தான் பெற வேண்டும்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னாலும் நம் பெரியவர்கள் முகம் சுளிக்கக் காரணம் ஒன்று உண்டு. ஊரில் 'ரிஜிஸ்டர் கல்யாணம்' என்றால் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போனவர்கள் செய்வது. "நாலு பேர் அறிய நிக்காஹ் செய்யப் போகிற பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு" என்று என் ராத்தாவே ஒருமுறை சொன்னார். அந்த எண்ணத்தை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். பதிவை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் மாப்பிள்ளைகளில், சோம்பலால் தள்ளுபவர்களும் உண்டு, கணக்குப் போட்டுத் தள்ளுபவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது.

நடைமுறை பெரிய சுமையல்ல. இருவரும் தாம் குறைந்தது ஏழு நாட்கள் வசித்த பகுதியின் ரிஜிஸ்டர் ஆஃபீஸுக்குப் பாஸ்போர்ட், முகவரிச் சான்றோடு நேரில் போய் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை 28 நாட்கள் பொதுவில் வைத்திருப்பார்கள். வெளிநாட்டவர் என்றால் அதை 70 நாட்கள் வரை நீட்டிக்கக்கூடும் என்பதால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். சிவில் சடங்கில் மத வாசகங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் காலையில் இரண்டு சாட்சிகளோடு அங்கே கையெழுத்திட்டுவிட்டு மாலையில் பள்ளியில் நிக்காஹ் வைப்பதே இங்கு வழக்கம். திருமணம் நடத்தவே பதிவு பெற்ற பள்ளிவாசல்கள் சில உண்டு. அங்கே இரண்டையும் ஒரே அமர்வில் முடிக்கலாம். ஆனால் 'பதிவு பெற்ற பள்ளி' என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பாமல், அறிவிப்புக் கொடுக்கும்போது ரிஜிஸ்டர் ஆஃபீஸிலேயே அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி உறுதி செய்யுங்கள். 2023 பிப்ரவரி முதல் பதினெட்டு வயது நிறையாதவருக்கு நிக்காஹ் ஏற்பாடு செய்வதே குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும். இவையெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்தின் விதிகள் வேறு.

ஊரிலேயே நிக்காஹ் முடித்து வருபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுபடியான திருமணத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்கள். மறுபடி பதிய வேண்டியதில்லை. ஆனால் ஜமாஅத் சான்றிதழோடு மட்டும் விமானம் ஏறிவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து அந்தச் சான்றிதழையும் கொண்டு வாருங்கள். இலங்கைச் சகோதரர்கள் முஸ்லிம் விவாகப் பதிவாளர் தந்த சான்றிதழின் பிரதியை மொழிபெயர்ப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிக்காஹ் மட்டும் செய்து வருடங்கள் கடந்துவிட்டவர்கள் இப்போதும் போகலாம். நிக்காஹ் தேதி மாறாது, அதற்கு எந்தக் குறையும் வராது. சட்டப்படியான திருமணம் மட்டும் கையெழுத்திட்ட நாளிலிருந்து கணக்காகும். என் ராத்தா மகளைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் பெற்ற இரண்டு ஜோடிகள் அப்படிப் போய்க் கையெழுத்திட்டு வந்தார்கள். ஒரு ஜோடிக்கு அவளே சாட்சியாகக் கையெழுத்திட்டாள்.