லேத்தை வீட்டுக்கு அடியில் இறக்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் வடவள்ளிப் பக்கம் ஒரு தம்பி பழைய ஆறடி லேத் (இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் மெஷின்) வாங்கி வீட்டுக்கு அடியில் இறக்கினான். சரிவு மனை, கீழே ஷட்டர் போட்ட அறை. (பேஸ்மெண்ட் என்றால் கொத்தனார் அஸ்திவாரத்து மேல்மட்டத்தைக் காட்டுவார், அதனால் அண்டர்கிரவுண்ட் என்றே சொல்வோம்.) நான் அந்தக் காலத்தில் அடித்த கூத்தெல்லாம் வரிசையாக நடந்தது. வாசலை அளக்காமல் வாங்குவது, செருப்போடு வேலை செய்வது இதையெல்லாம் எழுதப் போவதில்லை.

சக், டெயில்ஸ்டாக், மோட்டாரைக் கழற்றாமல் தூக்குவது

சக் என்பது இரும்பைக் கவ்விச் சுழலும் பிடி, டெயில்ஸ்டாக் மறுமுனையில் தாங்கும் பகுதி. கழற்றாமல் விடுவது அரை மணி நேர சோம்பல். கழற்றுங்கள்.

லீட் ஸ்க்ரூவோடு சேர்த்து பெல்ட் போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பெட்டுக்கு (லேத்தின் மற்ற பாகங்கள் உட்கார்ந்திருக்கும் நீளமான இரும்பு உடம்பு) அடியில் தூக்கும் பெல்ட்டை விட்டு இரண்டு பக்கமும் மேலே கொண்டுபோய் கொக்கியில் மாட்டினால், எடை ஏற ஏற பெல்ட் உள்நோக்கி இறுகும், முன்பக்கம் அது முதலில் அழுத்துவது லீட் ஸ்க்ரூவையும் ஃபீட் ராடையும்தான் (வெட்டும் டூலை நகர்த்த நீளவாக்கில் ஓடும் மரைத்தண்டும் இன்னொரு தண்டும்). என் முதல் லேத்தில் கிரேன்காரர் அப்படித்தான் போட்டார், நானும் ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் முனை) பக்கம் சாய்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கி, மட்டம் பார்த்து, கரண்ட் கொடுத்து, 2 மி.மீ. பிட்ச் மரை போட்டபோதுதான் தெரிந்தது: ஹாஃப் நட் (லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் நட்) ஓரிடத்தில் இறுகுகிறது, ஒரு சாண் தள்ளி லொடலொட. டயல் கேஜ் வைத்து ஸ்க்ரூவைச் சுற்றினால் முள் ஆடுகிறது, வளைந்துவிட்டது. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தியும் முழுசாகச் சரியாகவில்லை. புது ஸ்க்ரூவுக்கு ஆன செலவு கிரேன் வாடகையைப் போல நாலு மடங்கு.

தம்பியிடம் கத்தினேன். "பெல்ட்டுதானுங்கண்ணா, சங்கிலி இல்லீங்களே" என்றான். அட, மெத்தென்று இருந்தால் அழுத்தாதா?

பெட்டின் குறுக்கு விலாவுக்கு அடியில் தடித்த இரும்புப் பட்டை, மேலே பெட்டைத் தொட மரக்கட்டை, நடுவில் ஐ போல்ட். தூக்கும் இடம் ஹெட்ஸ்டாக்கை ஒட்டி வரும், அந்தப் பக்கம்தான் கனம். சேடிலை (டூலைச் சுமந்து பெட் மேல் நகரும் பகுதி) எதிர்ப்பக்கம் தள்ளி, ஓர் அங்குலம் மட்டும் தூக்கிப் பாருங்கள். சாய்ந்தால் இறக்கி, சேடிலை நகர்த்தி, லாக் பண்ணி, மறுபடியும் தூக்குங்கள். பெல்ட்தான் போட வேண்டும் என்றால் ராடுகளைத் தொடாதபடி இடையில் கட்டை கொடுங்கள்.

சரிவில் கீழே நின்று தாங்குவது

800 கிலோ மெஷின், 30 டிகிரி சரிவு: பாதி எடை, அதாவது 400 கிலோ, கீழ்நோக்கி இழுக்கும். அடியில் பைப் உருளை போட்டுவிட்டால் உராய்வும் உதவாது. நாலு பேர் தோள் கொடுத்து நிறுத்த முடியாது, நசுங்கத்தான் முடியும். மேலிருந்து புல்லிஃப்ட்டில் (கைப்பிடி வைத்து இழுக்கும், தளர்த்தும் சங்கிலிக் கருவி) கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், அதைக் கான்கிரீட் தூணில் கட்டுங்கள். கேட் கம்பியில் கட்டியவனையும் பார்த்திருக்கிறேன், வேறு யார், நான்தான்.

மில்லிங் மெஷினை டேபிள் ஏற்றியபடி நகர்த்துவது

லேத்தோடு மில்லிங் மெஷினும் (சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்குவது) இறக்குகிறவர்களுக்கு: அதற்குத் தலைக்கனம். கவிழும். டேபிளை அடிமட்டத்துக்கு இறக்குங்கள்.

ஈரம்

கீழ் அறையில் ஐப்பசி மழைக்கு பெட் துருப்பிடிக்கும். இறக்கின அன்றைக்கே எண்ணெய் பூசுங்கள். தம்பி இன்னும் பூசவில்லை, நேற்று போய்ப் பார்த்தேன்.