பழைய வாள்வீச்சு வாள்களை விற்கப் போகிறீர்களா?

முதலில், பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பாளர் காசு கொடுப்பதே அந்தக் கருத்த பழமைக்குத்தான்; துருப் பரவாமல் இருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.

அப்புறம் ஒவ்வொன்றையும் அடையாளம் காணுங்கள். வாள்வீச்சில் மூன்று வகை வாள் உண்டு; ஃபாயிலா, எப்பேயா, சேபரா என்பது பிடிக்கு முன்னால் கையை மறைக்கும் காப்பைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அலகின் அடிப்பகுதியில் ஸோலிங்கன், கிளிங்கந்தால் மாதிரி வாள் செய்த ஊரின் பெயரோ பட்டறை முத்திரையோ இருக்கலாம், அதைத் தெளிவாகப் படம் எடுங்கள். அலகில் மின்கம்பி பதிக்கும் பள்ளம் ஓடுகிறதா என்றும் பாருங்கள்: குத்துப் பட்டதை மின்சாரத்தால் காட்டத்தான் அந்தக் கம்பி; ஒலிம்பிக்கில் மின்சார எப்பே வந்தது 1936இல், ஃபாயில் 1956இல், அதனால் பள்ளமுள்ள அலகை 19ஆம் நூற்றாண்டு என்று எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அலகுதான் அடிக்கடி உடையும் என்பதால் பழைய பிடியில் பிற்கால அலகு மாட்டியிருப்பதும் சகஜம், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். துரு, வளைவு, விரிசலும் அப்படித்தான்.

மொத்தமாக விற்றால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நல்ல வாளும் சாதா வாளின் விலைக்குப் போய்விடும். தேறுகிற நாலைந்தை ஆயுத ஏலத்துக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கட்டாகத் தள்ளுவதுதான் என் யோசனை. ஏலக்காரர்கள் தரகு போகப் படத்துக்கும் காப்பீட்டுக்கும் தனியாகப் பிடிக்கலாம், முன்கூட்டியே கேளுங்கள்.

பிடியில் தந்தம் இருந்தால் கவனம், பல நாடுகளில் விற்பனைக்கே கட்டுப்பாடு உண்டு. அனுப்பும்போது முனையில் தக்கை செருகி, கெட்டியான குழாயில் ஆடாமல் அடையுங்கள்.